சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தால் பத்திரமா? இரட்டை இன்ஜின் பயிற்றுநர் தேர்வு பற்றி

ஒற்றை இன்ஜின் விமானத்தில் இன்ஜின் நின்றால் குழப்பமே இல்லை. மூக்கைத் தாழ்த்தணும், இறங்க இடம் தேடணும். இரண்டு இன்ஜின் இருந்தால் இன்னும் பத்திரம்தானே என்று தோன்றும். அது பாதி உண்மைதான். ஒன்று நின்றுபோய் மற்றது முழு வேகத்தில் ஓடும்போது, ஓடுகிற அந்த இன்ஜினே விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடலாம். இந்த ஆபத்தை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் தனித் தகுதி வேண்டும். அதன் பெயர் எம்இஐ, அதாவது மல்டி-இன்ஜின் இன்ஸ்ட்ரக்டர். அதற்கான தேர்வைத்தான் செக்ரைடு என்கிறார்கள்.

காகிதத்தில் பார்த்தால் சின்னத் தேர்வு. ஏற்கெனவே ஒற்றை இன்ஜின் பயிற்றுநராக இருப்பவர் இதைக் கூடுதலாகச் சேர்க்கும்போது எழுத்துத் தேர்வு கிடையாது. இரட்டை இன்ஜின் விமானத்தில் தலைமை விமானியாக 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வு நாளில் முதலில் வாய்மொழிக் கேள்விகள், அப்புறம் பறத்தல். ஆனால் இங்கே சோதிக்கப்படுவது ஒரே இன்ஜினில் பறக்கத் தெரியுமா என்பது அல்ல. அது முந்தைய உரிமத்திலேயே முடிந்த கதை. மாணவரை ஆபத்தின் விளிம்பு வரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கணும்.

அந்த விளிம்பின் பெயர் விஎம்சி. மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மாடு நின்றுவிட்டது, வலது மாடு மட்டும் இழுக்கிறது. வண்டி இடப்பக்கமாகத் திரும்பும். விமானமும் அப்படித்தான். அதைத் தடுப்பது வாலில் உள்ள ரடர். ரடருக்குப் பலம் அதன் மேல் அடிக்கிற காற்றிலிருந்து வருகிறது. வேகம் குறையக் குறைய அந்தப் பலமும் குறையும். முழுசாக மிதித்தும் ரடரால் சமாளிக்க முடியாமல் போகிற வேகம் ஒன்று வரும். அதுதான் விஎம்சி. அதற்குக் கீழே போனால் விமானம் முதலில் திரும்பும், உடனே புரளத் தொடங்கும்.

வேகமானியில் இதை ஒரு சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் பைப்பர் செமினோலில் அது 56 நாட். ஒரே இன்ஜினில் நன்றாக ஏறக்கூடிய வேகத்துக்கு நீலக் கோடு. செமினோலில் அது 88 நாட்.

சிக்கல் எங்கே என்றால், சிவப்புக் கோடு அசையாது. உண்மையான விஎம்சி அசைந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணைச் சான்றளிப்புச் சோதனையில் குறிப்பிட்ட நிபந்தனைகளில் கண்டுபிடிக்கிறார்கள். ஓடும் இன்ஜினில் முழு சக்தி, நின்ற இன்ஜினின் ப்ரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றுகிறது, எடை மையம் பின்னால் தள்ளி இருக்கிறது. இவை பெரும்பாலும் மோசமான நிலைமைகள்தான். ஆனால் ஒரு சலுகை உண்டு: ஓடுகிற இன்ஜின் பக்கமாக 5 டிகிரி வரை சாய்த்துக்கொள்ளலாம். அந்தச் சாய்வு இல்லாமல் இறக்கைகளை மட்டமாக வைத்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் விஎம்சி 3 நாட்டுக்கு மேல்கூட ஏறலாம் என்கிறது எஃப்ஏஏ கையேடு. கணக்குப் போட்டால் 15 நாட் வருகிறது. "கோட்டுக்கு மேலேதானே இருக்கேன்" என்று நினைக்கும் மாணவர் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியிருக்கலாம்.

உயரம் இன்னொரு சிக்கல். டர்போ இல்லாத இன்ஜினின் சக்தி உயரே போகப் போகக் குறையும். ஒருபக்க இழுப்பும் குறைவதால் விஎம்சியும் குறையும். ஆனால் வேகமானி காட்டும் ஸ்டால் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் ஓர் உயரத்துக்கு மேல் விஎம்சிக்கு முன்னாடியே ஸ்டால் வந்துவிடும். ஒருபக்கம் முழு சக்தியோடு ஸ்டால் ஆனால் அடுத்தது ஸ்பின்தான். தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே போகாமல் இந்தச் செய்முறையை முடிக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காக மேலே போகிறோம், போன இடத்தில் இந்த ஆபத்து காத்திருக்கிறது. அதனால் பயிற்றுநர் தன் காலால் ரடர் பெடலை ஓரளவுக்கு மேல் போகவிடாமல் தடுத்து வைப்பார். ஸ்டாலுக்கு முன்பே, கொஞ்சம் அதிக வேகத்திலேயே, கட்டுப்பாடு நழுவுவதை மாணவர் பார்த்துவிடுவார்.

நழுவியதும் செய்ய வேண்டியது இரண்டு: ஓடுகிற இன்ஜினின் சக்தியைக் குறைக்கணும், மூக்கைத் தாழ்த்தணும். "இருக்கிறதே ஒரு இன்ஜின், அதையும் குறைக்கச் சொல்றீங்களே?" என்று மாணவர் கேட்பார். தேர்வாளரும் மாணவர் வேஷத்தில் இதையே கேட்கலாம். மாட்டுவண்டியைப் புரிந்துகொண்டவருக்குப் பதில் சுலபம்: புரட்டுவது அந்த இழுப்புதான்.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வது வழக்கம். சக்கரம் இறங்கியிருந்தால் விஎம்சி குறையும், எடை கூடினால் குறையும், இப்படிப் போகும். தேர்வாளரின் அடுத்த கேள்வியில் மனப்பாடம் மாட்டிக்கொள்ளும்: "அப்படின்னா சக்கரத்தைக் கீழேயே விட்டுடலாமா?" கூடாது. கட்டுப்பாடு வேறு, ஏறும் திறன் வேறு. சக்கரம் வெளியே இருந்தால் காற்றுத் தடை கூடி, இருக்கிற கொஞ்ச ஏற்றமும் போயிடும். செமினோலில் ஆளுக்கு 180 குதிரைத்திறன், மொத்தம் 360. ஒன்று போனால் பாதி சக்தி போகிறது, ஆனால் ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். மட்டமாகப் பறக்கவே பெரும் சக்தி வேண்டும்; ஏறுவது மிச்சத்தில்தான்.

அடுத்தது எந்த இன்ஜின் நின்றது என்று கண்டுபிடிப்பது. ரடரை மிதிக்காமல் சும்மா இருக்கிற கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்க இன்ஜின்தான் போயிருக்கு. அதை நம்பி உடனே நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெதுவாக இழுத்துப் பார்க்கணும். சத்தமோ இழுப்போ மாறவில்லை என்றால்தான் ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்யணும், அதாவது காற்றைத் தடுக்காதபடி அதன் தகடுகளைத் திருப்பி வைக்கணும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 விமானத்தில் இரண்டாம் எண் இன்ஜின் சக்தி இழந்தது. விமானிகள் நிறுத்தியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எண் இன்ஜினை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. சரிபார்க்கும் அந்தச் சில வினாடிகளை அவசரம் தின்றுவிடும் என்பதால்தான் பயிற்றுநர் இதை மாணவரின் கைப்பழக்கமாகவே ஆக்க வேண்டியிருக்கிறது.

தயாராகிறவர்களுக்குச் சில யோசனைகள். வலது இருக்கையில் போதுமான மணி நேரம் உட்காருங்கள். கருவிகள் கோணலாகத் தெரியும், கைகள் இடம் மாறும். செய்துகொண்டே பேசிப் பழகுங்கள், தேர்வில் இரண்டும் ஒன்றாக நடக்கணும். இன்ஜினைப் போலியாக நிறுத்தும் எல்லைகளை முன்கூட்டியே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையில் விஎம்சியின் பாதிக்குள், செமினோலில் 28 நாட்டுக்குள். கிளம்பிய பின் 400 அடிக்கு மேல்தான்.

கடைசியாக, மாணவர் தப்பான பக்கம் மிதித்தால் எந்தக் கட்டத்தில் கட்டுப்பாட்டை வாங்கப்போகிறீர்கள் என்பதைத் தரையிலேயே தீர்மானித்து, மாணவரிடமும் சொல்லிவிடுங்கள். மேலே போய் யோசித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு நேரம் இருக்காது.