அழுத்தம் எங்கே விழுகிறது?

'பலகை' என்று சேர்த்துச் சொன்னால் மரப்பலகை. 'பல கை' என்று விட்டுச் சொன்னால் பல கைகள். தமிழில் இடைவெளி செய்யும் இந்த வேலையை ஆங்கிலத்தில் அழுத்தம் செய்கிறது.

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வும் உண்டு. பிறகு வேலைக்கான நேர்முகப் பேட்டியும் வருகிறது. ரந்தாவ், பகாவ் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகள் சரியான சொல்லைச் சொல்லியும் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம். அது அறிவுக் குறைவு அன்று. அழுத்தம் இடம் மாறியதுதான் காரணம்.

'பிளேக்போர்ட்' என்பதில் முதல் பாதியை அழுத்துங்கள். அது வகுப்பறைக் கரும்பலகை. பச்சை வண்ணம் பூசியிருந்தாலும் அதற்கு அதே பெயர்தான். இரண்டாம் பாதியை அழுத்தினால் ஏதோ ஒரு கறுப்புப் பலகை என்றாகிவிடும்.

இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பெயரானால், பெரும்பாலும் முதற்சொல்லில்தான் அழுத்தம் விழும். நம் தோட்டத்தையே பாருங்கள். 'ஆயில் பாம்' என்றால் செம்பனை மரம். அழுத்தம் 'ஆயில்' மீது. 'பாம் ஆயில்' என்றால் அதன் எண்ணெய். அழுத்தம் 'பாம்' மீது. கடைசிச் சொல் பொருளைச் சொல்கிறது. முதற்சொல் அது எவ்வகை என்று சொல்கிறது.

விலக்கும் உண்டு. ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று முதற்சொல் சொன்னால், அழுத்தம் பெரும்பாலும் பின்னால் போகும். 'ரப்பர் ட்ரீ' என்பதில் 'ரப்பர்' ஓங்கும். 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பதில் 'ஸ்டாம்ப்' ஓங்கும். ஊர்ப் பெயரான போர்ட் டிக்சனிலும் 'டிக்' என்ற இடத்தில்தான் அழுத்தம்.

அசைப் பிரிப்பிலும் கவனம் வேண்டும். ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைக்கூடத்தை ஆங்கிலத்தில் 'ஸ்மோக்ஹவுஸ்' என்பார்கள். அதில் இரண்டே அசைகள். நாமோ 'ஸ்மோக்குஹவுசு' என்று உகரம் சேர்த்து நான்காக்கி, நான்கையும் ஒரே சீராக உச்சரிக்கிறோம். அலமாரியான 'கபர்ட்' எழுத்தில் 'கப்', 'போர்ட்' என்ற இரு சொற்கள்தான். பேச்சிலோ இரண்டாம் பாதி தேய்ந்து, 'போர்ட்' என்ற ஒலியே மறைந்துவிடுகிறது.

பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது அருகில் அமருங்கள். அழுத்தும் இடத்தில் ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். அகராதியில் அழுத்தமான அசைக்கு முன் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். கைதட்டிய இடமும் கோடு உள்ள இடமும் ஒன்றா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும்.