என்ன வேண்டும்? ஏன் வேண்டும்?



ஆவணி மாதத்தில் நம் தஞ்சை மறைமாவட்டச் சாலைகளில், காவி உடுத்திய திருப்பயணிகள் வேளாங்கண்ணியை நோக்கி நடந்து செல்வதைக் காண்கிறோம். ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் பெருவிழாவுக்கு வரும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு வேண்டுதல் உண்டு. குழந்தை வரம், மகளின் திருமணம், கடன் தீர ஒரு வழி. இவற்றைக் கேட்பது தவறா? இல்லை. அன்றாட உணவைக் கேட்கக் கற்றுத் தந்தவரே நம் ஆண்டவர். ஆனால் கேட்கும் முன் நம் உள்நோக்கத்தை நாம் பார்க்கிறோமா?

மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இருமுறை கேட்கிறார்: தம்மிடமிருந்து அவர்கள் விரும்புவது என்ன? முதலில் யாக்கோபையும் யோவானையும் கேட்கிறார். அவர்கள் அரியணையின் வலமும் இடமும் இருக்கை கேட்கிறார்கள். பின்னர் எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவைக் கேட்கிறார். அவர் பார்வை கேட்கிறார். முன்னவர்களின் வேண்டுதல் மற்றப் பத்துச் சீடர்களுக்கும் கோபமூட்டியது. பின்னவரோ பார்வை பெற்றதும் இயேசுவைப் பின்தொடர்ந்தார். வேண்டுதலின் உள்நோக்கம் எது என்பதை அது விளைவிக்கும் கனியில் காணலாம்.

நம் வயல்வெளிக்கு வருவோம். தை மாதம், சம்பா அறுவடை நேரம். உளுந்து தெளித்தவர் ஒரு சிறு மழைக்காகச் செபிக்கிறார். அதே ஆலயத்தில், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவர், மழை வேண்டாம் என்று செபிக்கிறார். இருவருடைய தேவையும் உண்மையானதே. கடவுள் யாருக்குச் செவிசாய்ப்பார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் மழை கேட்பவர், நெல் குவித்தவரையும் தம் செபத்தில் நினைக்கிறாரா? தம் வீட்டில் சும்மா கிடக்கும் தார்ப்பாயை அவருக்குக் கொடுப்பாரா? கொடுப்பாரானால் அந்தச் செபத்தில் தன்னலம் இல்லை. அடுத்தவர் எக்கேடு கெட்டாலும் என் காடு விளைந்தால் போதும் என்பதோ செபத்தின் உடை அணிந்த தன்னலம். தவறான எண்ணத்தோடு கேட்பதைப் பற்றித் தூய யாக்கோபு எச்சரிப்பதும் இதையே (யாக் 4:3).

நேர்த்திக்கடனையும் எண்ணிப் பார்ப்போம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் தாங்கள் நேர்ந்துகொண்டபடியே வேளாங்கண்ணியில் ஆலயம் எழுப்பினர் என்பது நம் மரபு. அத்தோடு அவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை; பிந்தைய பயணங்களிலும் வந்து, பீங்கான் தட்டுகளால் பீடத்தை அழகுபடுத்தினார்கள். கொடுத்தால் தருவேன் என்பது வாணிகம். கடன் தீர்ந்த பின்னும் வருவதே அன்பு.

வேறொரு சோதனையும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, வேளாங்கண்ணியில் ஆலயத்தினுள் திருப்பலியில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்ற நூற்றுக்கணக்கானோரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. செபித்தவர்களைக் கடவுள் காத்தார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கரையில் இறந்தவர்களுள் எத்தனையோ பேர் அன்னையிடம் செபிக்க வந்தவர்கள் அல்லவா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு தெளிவுபடுத்தினார் (லூக் 13:4). செபத்தை ஆயுள் காப்பீடாக எண்ணுபவர், இழப்பு வரும் நாளில் செபத்தையே விட்டுவிடுவார்.

அப்படியானால் கேட்பதை நிறுத்திவிடலாமா? வேண்டாம். நம் தேவைகளைக் கடவுள் அறிவார். அவர் தர விரும்புவதைப் பெறும் அளவுக்கு நம் ஆவல் விரிவடையவே கேட்கச் சொல்கிறார் என்று தூய அகுஸ்தினார், புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய மடலில் விளக்குகிறார். கெத்சமனியில் இயேசுவும் துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென்று ஒளிக்காமல் கேட்டார். பிறகு தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார்.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், நாம் நெடுநாளாகக் கேட்டுவரும் ஒரே ஒரு வேண்டுதலை எடுத்துக்கொள்வோம். இது கிடைத்தால் யாருக்கு நன்மை? யாருக்கேனும் இழப்பு உண்டா? கிடைக்காவிட்டாலும் நாளை இதே இடத்தில் முழந்தாளிடுவோமா? விடை நம்மைச் சற்றே வெட்கப்படுத்தினாலும் அஞ்ச வேண்டாம். அந்த வெட்கத்தையும் அவரிடமே சொல்வோம். தொலைவில் நின்று மார்பில் அறைந்துகொண்ட வரிதண்டுபவரின் செபம் அங்கிருந்துதான் தொடங்கியது (லூக் 18:13).