புகையடுப்பிற் கரியைப் பற்றவைத்தல்

மீனையும் இறைச்சியையும் புகையூட்டுவதற்குச் சிரட்டைக்கரி ஏற்றது. ஆயினும், அதன்மீது மண்ணெண்ணெய் ஊற்றுதல் கூடாது. மண்ணெண்ணெய் நாற்றம் உணவிற் படியும். கனலும் கரியில் ஊற்றினால் சுவாலை மேலெழுந்து ஊற்றியவரையே சுடும்.

நாகம் பூசப்படாத இரும்புப் பேணியொன்றின் அடியிற் பல துளைகள் இடுக. அதனை மூன்று கற்களின்மேல் வைத்து, அடியில் உலர்ந்த பொச்சும் மேலே கரியும் இட்டு, கீழிருந்து கொளுத்துக. துளைவழியே ஏறும் காற்றினாற் கரி விரைவிற் கனலும். கரியில் வெண்சாம்பல் பூத்ததும், நீண்ட இடுக்கியாற் பேணியைப் பிடித்து அடுப்பிற் கொட்டுக.

இவை யாவும் வெளியிலேயே நடைபெறல் வேண்டும். தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது உயிரைப் போக்கும். புகை நின்றாலும் தணலை வீட்டினுள் வைத்தல் ஆகாது. எஞ்சிய தணலை நீரால் முற்றாக அவித்த பின்னரே அகலுக.