ஒற்றைத் தலைவலியும் தாய்மையும்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தலைவலி பிறர் கண்ணுக்குப் புலப்படாத நோய். புண் இல்லை, வீக்கம் இல்லை, சுரமானி காட்டும் அளவும் இல்லை. ஆகவேதான் அந்நோயால் வருந்துவோர் வலியோடு பிறருடைய ஐயத்தையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது.

என் தங்கைக்குப் பள்ளிப் பருவம் முதலே ஒற்றைத் தலைவலி உண்டு. தலைப்பிள்ளையைச் சுமந்து எட்டாம் மாதத்தில் தாய்வீடு வந்திருந்தபோது மூன்று நாள்கள் அவளுக்கு ஓயாத தலைவலி. 'வழக்கமாக வருவதுதானே' என்று வீட்டில் அனைவரும் கூறினோம். கற்றவன் எனப்படும் நானும் அவ்வாறே கூறினேன். பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் மட்டும் பேச்சைக் குறைத்து இரத்த அழுத்தத்தை அளந்தார். அன்று மாலையே அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றோம். அது வழக்கமான தலைவலி அன்று. இறையருளாலும் அச்செவிலியரின் விழிப்பாலும் தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர். அன்று அறிந்துகொண்டவற்றை நம் மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. அவ்வரிசையிலேயே இந்நோயை நோக்குவோம்.

பெயர்ப் பொருத்தம்

கிரேக்க மருத்துவர் காலன், பாதி மண்டையின் நோய் என்னும் பொருளில் இதனை 'ஹெமிக்ரேனியா' என்றார். அச்சொல்லே திரிந்து 'மைக்ரேன்' ஆயிற்று. அரபு மருத்துவ நூல்கள் இதனை 'ஷகீகா' என்கின்றன. பிளவு, பாதி என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளார். தமிழில் நாம் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். மூன்று மொழிகளும் ஒரே அடையாளத்தைக் கண்டு பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. எனினும் பெயரை மட்டும் நம்பலாகாது. சிலர்க்கு இவ்வலி இருபுறமும் வரும்.

நோயுற்றவர்

இந்நோய் மூளையிலும் முகத்தின் முப்பிரிவு நரம்பிலும் தோன்றும் மிகையுணர்ச்சியின் விளைவு. மனப்பிரமையும் அன்று, வேலைக்கு அஞ்சிய சாக்கும் அன்று. துடித்துத் துடித்து வலித்தல், குமட்டல், ஒளியையும் ஓசையையும் பொறுக்க இயலாமை, நடந்தாலும் படியேறினாலும் வலி மிகுதல் ஆகியவை இதன் குறிகள். சிகிச்சை இன்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கும். சிலர்க்கு வலிக்கு முன்னர்க் கண்முன்னே ஒளிக்கோடுகள் நெளியும். இதனை 'ஆரா' என்பர்.

பெங்களூரு நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வில், 18 முதல் 65 வயதுக்குட்பட்டோருள் ஓராண்டில் 25.2 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருந்தது. நால்வரில் ஒருவர் என்பது இதன் பொருள். ஆடவரினும் மகளிர்க்கே இது மிகுதி.

நோயைத் தூண்டுவன பல. உறக்கக் குறைவு, வேளை தவறிய உணவு, நீர் வற்றுதல், மாதவிடாய், மனக்கவலை ஆகியவை பொதுவானவை. கோவளம் போன்ற கடற்கரை ஊர்களில் மணலிலும் நீரிலும் பட்டு மீளும் வெயிலின் கூச்சத்தையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். ரமலான் நோன்பின் முதல் நாள்களில் தலைவலி வருவோர் பலர். நோன்புக்குச் சில நாள்கள் முன்பே காப்பி, தேநீரைப் படிப்படியாகக் குறைப்பதும், சஹர் உணவைத் தவறவிடாமையும், இரவில் போதிய நீர் அருந்துவதும் துணைசெய்யும். நோயாளர்க்கும் கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் பெண்ணைக் குறைத்துப் பேசுதல் தகாது.

மருத்துவர்

தலைவலி எல்லாம் ஒற்றைத் தலைவலி ஆகா. இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சமடையும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி, கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ உடன்வரும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை நாட வேண்டும்.

கருவுற்றோர்க்கு மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. 20 வாரங்களுக்குப் பின் புதிதாகவோ வழக்கத்திற்கு மாறாகவோ தலைவலித்தால் முதலில் செய்யத்தக்கது இரத்த அழுத்தத்தை அளப்பதே. 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தம், கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் ஆகியவை பேறுகால இரத்தக் கொதிப்பு நோயின் குறிகளாகலாம். அது முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கே இடர் நேரும். மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் இவ்விழிப்பு வேண்டும். என் தங்கைக்கு நேர்ந்தது இதுவே. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம்தான் இவ்வபாயம் எளிதில் மறைந்துகொள்கிறது. 'வழக்கமானதுதானே' என்னும் சொல்லே அதற்குத் திரையாகிறது.

மருந்து

வலி தொடங்கிய உடனே தக்க அளவில் மருந்து உட்கொள்வதே பயன் தரும், முற்றவிட்டு உட்கொண்டால் பயன் குறையும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் ஆகியவை முதல்நிலை மருந்துகள். இவற்றுக்கு அடங்காதபோது சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகளை மருத்துவர் தருவர். இதய நோயும் பக்கவாதமும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் உள்ளோர்க்கு அவை ஆகா.

பெட்டிக்கடையில் தேநீரோடு வாங்கி விழுங்கும் மாத்திரையிலும் ஓர் ஆபத்து உண்டு. பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாள்களுக்கோ, கலவை மாத்திரைகளையும் டிரிப்டான்களையும் 10 நாள்களுக்கோ குறையாமல், மாதக்கணக்கில் உட்கொண்டுவந்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கும்.

'எர்கோட்டமைன்' என்னும் பழைய மருந்தின் கதை தனித்து அறியத்தக்கது. நம் கம்புப் பயிரில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சை ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தில் வளர்கிறது. அதிலிருந்து 1918இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆர்தர் ஸ்டோல் இம்மருந்தைப் பிரித்தெடுத்தார். இரத்தக் குழாய்களைச் சுருக்கி இது வலியைத் தணிக்கும். கருப்பையையும் சுருங்கச் செய்யும். ஆதலின் கருவுற்றோர் இதனை உட்கொள்ளவே கூடாது. திருமணத்திற்கு முன் வாங்கிய மாத்திரை அலமாரியில் கிடக்கிறது என்று எடுத்து விழுங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

அடிக்கடி வலி வருவோர்க்கு நாள்தோறும் உட்கொள்ளும் தடுப்பு மருந்துகள் உள்ளன. அவற்றுள் வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் தண்டுவடத்தையும் பிற்கால அறிவு வளர்ச்சியையும் பாதிக்க வல்லது. ஒற்றைத் தலைவலிக்காகக் கருவுற்றோர் அதனை உட்கொள்ளலாகாது என ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் விதித்தது. டோபிரமேட்டும் கருவுக்குத் தீங்கு தரும். எனவே திருமணம் உறுதியாகும்போதே, 'நான் உட்கொள்ளும் மருந்து கருவுக்கு ஏற்றதா?' என்று மருத்துவரிடம் கேட்பது அறிவுடைமை. 'ஆரா' உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இங்கே கூறவேண்டும். பக்கவாத அபாயத்தை அது மிகுவிக்கும்.

கருவுற்ற காலத்தில் ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. முதல் மூன்று மாதம் கடந்தபின் பெரும்பாலோர்க்கு இந்நோய் தானே தணிகிறது. தணியாதோர்க்கு இருட்டறை ஓய்வு, நீர், சிற்றுணவு, நெற்றியில் குளிர்ந்த துணி ஆகியவை முதல் துணை. மருந்து வேண்டின் பாராசிட்டமாலே முதலாவது. மருத்துவர் கூறும் அளவில், குறைந்த நாள்களுக்கு உட்கொள்ளலாம். இம்மருந்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற பேச்சு 2025இல் எழுந்தபோது, அதனை உறுதிசெய்யும் சான்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இபுப்ரோஃபென் வகை மருந்துகளை 20 வாரங்களுக்குப் பின் தவிர்க்க வேண்டும் என 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். இரத்தக் கொதிப்பைத் தடுக்க மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவில் தரும் ஆஸ்பிரின் வேறு, அதனைத் தாமாக நிறுத்தலாகாது. குமட்டலுக்கும் கடும் வலிக்கும் மருத்துவர் ஆராய்ந்து தரத்தக்க மருந்துகள் உள்ளன. சுமாட்ரிப்டானும் தேவைப்படின் அவ்வாறு தரப்படுகிறது.

நெற்றியில் சுக்குப் பற்று இடும் பாட்டியின் கை வைத்தியத்தைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளடக்கம் அறியாத சூரணங்களையும் உலோகப் பற்பங்களையும் கருவுற்றோர் உட்கொள்ளுதல் தீது.

உடனிருப்போர்

நான்காம் கூறே நம் அனைவர்க்கும் உரியது. 'பிள்ளைக்கு ஆகாது' என்று அஞ்சி எம்மருந்தும் தராமல் வலியில் கிடத்துவது ஒரு பிழை. கையில் கிடைத்ததைத் தருவது மற்றொரு பிழை. உண்ணாமலும் உறங்காமலும் வாந்தியெடுத்துக் கிடக்கும் தாயின் வருத்தம் சேய்க்கும் நன்றன்று. கணவரும் மாமியாரும் செய்யத்தக்கவை எளியவை. விளக்கை அணைத்தல், வீட்டின் ஓசையை அடக்குதல், அடுப்படிச் சுமையை ஏற்றுக்கொள்ளுதல், வலி வந்த நாளையும் உட்கொண்ட மருந்தையும் குறித்து வைத்தல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் அளக்க அழைத்துச் செல்லுதல் ஆகியவையே அவை. அபாயக் குறி தோன்றின் நள்ளிரவாயினும் 108 ஊர்தியை அழைக்கத் தயங்கலாகாது.

நிறைவுரை

தங்கையின் மகள் இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அவளைக் காணுந்தோறும் அந்தச் செவிலியர் சுற்றிய அழுத்தமானியின் பட்டை நினைவுக்கு வருகிறது. அளப்பதற்கு இரண்டு நிமிடங்களே ஆயின. நாங்களோ மூன்று நாள்களைப் பேச்சில் கழித்தோம். நம் இல்லங்களில் பெண்ணொருத்தி 'தலை வலிக்கிறது' என்று கூறும்போது, அதை நம்புவோம். அவள் கருவுற்றிருந்தால், நம்புவதோடு அழுத்தத்தை அளந்தும் பார்ப்போம்.