தோட்டத்துக்கு எந்தச் சாப்பாட்டுக் கடை வேண்டும்?

ஜொகூர் மாநிலத் தோட்டங்களில், கோயில் திருவிழாக் கூட்டமாயினும் பள்ளிப் பெற்றோர் கூட்டமாயினும், பேச்சு முடியும் தறுவாயில் ஒரு கேள்வி எழுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். “இங்கே ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை வந்தால் என்ன?” என்பதே அது. கேள்வி ஒன்றுதான், விடைகளோ பல. இரவு நெடுநேரம் திறந்திருந்து, பெரிய தொலைக்காட்சியில் பந்தாட்டம் காட்டும் கடை வேண்டும் என்பர் இளைஞர். தோசையும் இட்டிலியும் கிடைத்தால் போதும் என்பர் முதியவர். பட்டணத்தில் கண்ட பொரித்த கோழிக் கடையைச் சிறுவர் கேட்பர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, மரம் வெட்டப் போய், திரும்பி வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுபவர்கள் அவர்களே. ஆதலால் இக்கேள்விக்கு முதலில் விடை கூற வேண்டியவர்களும் அவர்களே என்பது நம் கருத்து.

பேச்சு அத்துடன் கலைந்துவிடுவதும் உண்டு. யாரேனும் ஒருவர் துணிந்து கடை திறந்து, சில மாதங்களில் அதை மூடிவிட்டுச் சேமிப்பை இழந்து நிற்பதும் உண்டு. அத்தகையோரிடம் விசாரித்தால், சமையலில் குறை இருந்ததாகப் பெரும்பாலும் தெரிவதில்லை. கடை திறந்திருந்த நேரத்தில் உண்பவர் வரவில்லை. உண்பவர் வந்த நேரத்தில் கடை திறந்திருக்கவில்லை. ஆகவே, என்ன உணவு விற்கும் கடை என்று கேட்பதற்கு முன், எந்த நேரத்துக்கான கடை, எவ்வளவு பணத்துக்கான கடை, யார் யார் வந்து அமரக்கூடிய கடை என்று கேட்டுத் தெளிவது நலம்.

தொழிலாளரே இக்கேள்வியைக் கேட்டுத் தொழிலாளரே விடை காண்பது பழைய நாளில் நடவாத காரியம். தோட்டத்தில் என்ன கடை இருக்கலாம் என்பதை அன்று நிர்வாகமே முடிவு செய்தது. பல தோட்டங்களில் மளிகைக்கடை ஒன்றும் கள்ளுக்கடை ஒன்றும் இருந்தன. சம்பளம் கைக்கு வருமுன்பே கடைக் கணக்கில் கரைந்துபோன குடும்பங்களின் கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு கேட்டதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். எந்தக் கடை வேண்டாம் என்று தொழிலாளர் ஒன்றுகூடிச் சொன்ன நிகழ்ச்சி அது. எந்தக் கடை வேண்டும் என்று ஒன்றுகூடிச் சொல்வது அதனினும் கடினம்; வேண்டாம் என்பதில் ஒற்றுமை எளிதில் வந்துவிடுகிறது.

சட்டம் இன்று தொழிலாளர் பக்கம் நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளப் பணத்தை இன்ன இடத்தில், இன்ன வகையில், இன்னாரிடம் செலவிட வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை விதிக்க முதலாளிக்கு உரிமையில்லை. விதித்தாலும் அது செல்லாது. நிர்வாகம் தோட்டத்தில் கடையோ உணவுச் சாலையோ அமைக்கலாம். ஆயினும், அங்கேதான் வாங்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. எனவே, நிர்வாகமே கடை வைத்துத் தர முன்வந்தாலும், அது வேறு கடை வரக்கூடாது என்பதற்குக் காரணமாகாது.

இனி நேரத்தைக் கவனிப்போம். பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை பகல் பன்னிரண்டு மணியை நம்பி வாழ்கிறது. தோட்டத்துக் கடை அப்படி வாழ முடியாது; காரணம் ரப்பர் மரத்திலேயே இருக்கிறது. இரவில் இலைவழியே நீர் அதிகம் வெளியேறுவதில்லை. ஆதலால் பட்டையிலுள்ள பால்குழல்களில் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் தணிந்து, பால் ஓட்டமும் தளர்கிறது. அதனால்தான் இருள் பிரியுமுன் வெட்டுக் கத்தியோடு காட்டுக்குள் இறங்குகிறோம். வெட்டி முடித்து, மங்குகளில் பால் சொட்டி நிற்கும்வரை பொறுத்து, வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு செல்வதற்குள் முற்பகலாகிவிடுகிறது. பால்வெட்டுத் தொழிலாளியின் பெரும்பசி ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வருவது. பட்டணத்தில் காலைக் கடை மூடி, பகல் கடை திறவாத நேரம் அதுவே.

அந்த இடைவெளியைப் பெரும்பாலோர் வீட்டுப் பொட்டலத்தால் நிரப்புகின்றனர். இங்கே ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. காலை நான்கு மணிக்குச் சமைத்துக் கட்டிய தேங்காய்ப்பால் சோற்றைப் பத்து மணிக்குப் பிரித்தால், இடையில் ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. நம் நாட்டின் காட்டு வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. தேங்காய்ப்பால், முட்டை, மீன் முதலியன சேர்ந்த உணவு விரைவில் கெடும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கெடா மாநிலம் பாலிங் மாவட்டத்தில் லக்சா உண்ட பலர் நோயுற்று, அவர்களுள் இருவர் உயிரிழந்ததை நாடே அறியும். வயிற்றுப்போக்கால் இரண்டு நாள் வேலைக்குப் போகாதவர் இழப்பது இரண்டு நாள் வரும்படியை. ஆகவே, ஒன்பது மணிக்குச் சுடச்சுட ஆக்கி வைத்திருக்கும் கடை ஒன்று, ஆடம்பரமே இல்லாத தகரக் கூரையின்கீழ் இருந்தாலும், இரவு பன்னிரண்டு மணிவரை விளக்கெரியும் கடையைவிடத் தோட்டத்துக்கு அதிகம் பயன்படும் என்று கூறத் துணிகிறோம்.

ஆயினும், தோட்டத்தில் குடியிருப்போர் அனைவரும் இன்று பால்வெட்டுக்குப் போவதில்லை. ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை வந்துவிட்டது. இளைஞர் பலர் கூலாய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வருகின்றனர். மாற்றுவேலை முடித்து இரவில் இறங்கும் ஒருவருக்கு ஒன்பது மணிக் கடையால் பயனில்லை. இந்த இரு சாராரையும் ஒரே கடை காலை முதல் இரவுவரை நிறைவு செய்ய முயன்றால், ஆள் கூலியும் எரிவாயுவும் அதை விழுங்கிவிடும். இங்கே அண்டை நாடான சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு உதவுகிறது. அங்கே தெருவோர வணிகரை எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தனர். கூரை, தண்ணீர், கழிவுநீர்க் கால்வாய், மேசை நாற்காலி எல்லாம் பொது. அடுப்பு மட்டும் அவரவருடையது. அந்த அங்காடி உணவுப் பண்பாட்டை 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத்தில் அவ்வளவு பெரிய நிலையம் தேவையில்லை. ஒரு கொட்டகை, ஒரு குழாய், இரண்டு மூன்று ஒட்டுக்கடைகள் போதும். காலையில் ஒருவர் ஆக்கட்டும். மாலையில் வேறொருவர் ஆக்கட்டும்.

கடை எங்கே அமைய வேண்டும் என்பதும் நேரத்தோடு சேர்ந்த கேள்வியே. நம் ஜொகூரிலேயே குளுவாங் இரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய கோப்பிக்கடை பெயர் பெற்றது. கரியில் வாட்டிய ரொட்டியும் கோப்பியும் அதன் புகழுக்குக் காரணம் என்பர். நாம் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வோம்: வண்டிக்காக மக்கள் எப்படியும் காத்து நிற்கும் இடத்தில் அது அமைந்தது. தோட்டத்தில் மக்கள் எப்படியும் நிற்கும் இடங்கள் எவை? பால் நிறுக்கும் கொட்டகை, பேருந்து நிற்கும் முச்சந்தி, பள்ளிக்கூட வாசல். யாருடைய வீட்டு முற்றம் பெரிது என்று பார்த்துக் கடை வைப்பதைவிட இவ்விடங்களைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பணம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒருவர் காலைப் பசியாறலுக்கு நாளொன்றுக்கு 6 வெள்ளி செலவிட்டால், 26 வேலை நாளுக்கு 156 வெள்ளி ஆகிறது. அது சம்பளத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. அதுவும் ஒருவருக்கு, ஒரு வேளைக்கு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் இத்தொகை இரட்டிக்கும். அப்போதைய உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சரும், ஜொகூரின் பூலாய் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருமாக விளங்கிய மறைந்த சலாஹுடின் அயூப் அவர்கள், 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘மெனு ரஹ்மா’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வயிறு நிறையும் ஒரு வேளை உணவு 5 வெள்ளிக்கு மிகாமல் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கட்டாயமின்றி, விரும்பிய கடைகளே அதில் சேர்ந்தன. தோட்டத்துக் கடையிலும் அவ்வாறு ஒரு தட்டுக்காவது விலையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், மற்றப் பண்டங்களின் விலையைக் கடைக்காரர் தம் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

யார் யார் அமரலாம் என்ற கேள்வியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தோட்டக் கூட்டத்துக்கு வராத ஒரு கூட்டம் தோட்டத்திலேயே இருக்கிறது. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்து, குடும்பமின்றித் தங்கி வேலை செய்பவர்கள் அவர்கள். வீட்டில் சமைத்துப் போட ஆளில்லாத அவர்களே கடைக்கு நாள்தோறும் வரக்கூடியவர்கள். அவர்களையும் அண்டையிலுள்ள மலாய்க் கம்பத்தாரையும் விலக்கிவிட்டு, நம்மவர் மட்டும் உண்ணும் கடை என்று தொடங்கினால், வாடிக்கையாளரில் பெரும்பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகும். ஹலால் உணவே முஸ்லிம்களுக்கு ஆகும். இந்துக்களுள் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்பவர் பலர். ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் ஆகியவை எந்த இனத்தாரையும் ஒரே மேசையில் அமர்த்துவன. பல இனத்தார் சேர்ந்து பசியாறும் நம் நாட்டு வழக்கத்தை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் இதனாலேயே.

தே தாரிக் என்றதும் ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் சமூகத்தில் அது இன்னும் மிகுதி. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை நாளுக்கு மூன்று குவளை குடிப்பவர், தாம் சீனி சாப்பிடுவதே இல்லை என்று சாதிப்பதைக் கேட்டிருக்கிறோம். ‘குராங் மானிஸ்’ என்று கேட்டால் முகம் சுளிக்காத கடை வேண்டும் என்பதையும் கூட்டத்தில் சொல்லலாம். கொதித்தாறிய தண்ணீர் மேசையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் வாய்ப்பேச்சால் முடிவு செய்ய இயலாது. உரக்கப் பேசுபவரின் ஆசையே தோட்டத்தின் தேவையாகத் தோன்றும். பத்து நாள் கணக்கெடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரு தாள்: யார் எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எங்கே உண்டார், என்ன உண்டார், எவ்வளவு கொடுத்தார். பள்ளி உயர்வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். அவர்களுக்கும் அது நல்ல கணக்குப் பாடம். எடுத்துக்காட்டாக, முற்பகலில் 40 பேர் தலைக்கு 5 வெள்ளி செலவிடுவார்கள் என்று தெரிந்தால், 26 நாளுக்கு 5,200 வெள்ளி விற்பனை நடக்கும். 15 பேர்தான் என்றால் 1,950 வெள்ளி. பின்னதில் பண்டச் செலவு போக ஆள் வைத்து நடத்தும் கடை நிலைக்காது. ஆனால் இரு பெண்கள் சேர்ந்து, தினமும் மூன்று மணி நேரம் மட்டும் நடத்தும் ஒட்டுக்கடை தாக்குப்பிடிக்கக்கூடும். கடன் தேவைப்படுவோர், தெக்குன் நேஷனல் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்கென நடத்தும் ‘ஸ்புமி’ திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம்.

கடை நடத்த உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். உங்கள் தோட்டம் குளுவாங் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்ததா, லாபிஸ், யோங் பெங், சிம்பாங் ரெங்கம் முதலிய மாவட்ட மன்றங்களுள் ஒன்றைச் சேர்ந்ததா என்பதை முதலில் கேட்டறிக. தோட்ட நிலத்தில் வைப்பதாயின் நிர்வாகத்தின் இசைவைக் கடிதமாகப் பெறுக. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி வகுப்புக்குச் சென்று சான்றிதழ் பெற வேண்டும். குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அத்தடுப்பூசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ‘நம் வீட்டுச் சமையல்தானே’ என்று உதவிக்கு வரும் அக்காள் தங்கையருக்கும் இது பொருந்தும். 2019 ஜனவரி முதல் உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை உண்டு.

கடன் கணக்கை மட்டும் கடை திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுக. சம்பள நாளுக்கு முன் பத்து நாள் கையில் காசில்லாமல் போவது தோட்டத்தில் வழக்கம். அப்போது நீட்டப்படும் கடன் புத்தகத்தை மறுக்கவும் கடைக்காரரால் முடியாது, எல்லாருக்கும் தரவும் முடியாது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்து, சம்பளம் வந்த மூன்றாம் நாளுக்குள் தீர்ப்பது என்று கூட்டத்திலேயே எழுதி, அத்தாளைக் கடைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.