மூன்று ஆண்டு, 60 மணி நேரம்: பிஎம்பி சான்றிதழைக் கைநழுவ விடாமல் காப்பது எப்படி?

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று தேர்வில் தேறிய நாள். மற்றொன்று, அதிலிருந்து மூன்று ஆண்டு கழித்து வரும் காலாவதி நாள். முதல் தேதியன்று லிங்க்டுஇன்னில் வாழ்த்துகள் குவியும். இரண்டாவது தேதியைப் பலரும் நினைவூட்டல் மின்னஞ்சல் வரும்வரை திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்த மின்னஞ்சல் வரும்போது தொடர் கல்விக் கணக்கில் பத்து மணி நேரம்கூட ஏறியிருக்காது. பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, எண்ணிக்கையை நிரப்பும் வேலை தொடங்கும்.

இவ்வளவு பதற்றத்துக்கு இதில் எதுவுமே இல்லை. விதிகளை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும்.

அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட், அதாவது பிஎம்ஐ, இந்தச் சான்றிதழை வழங்குகிறது. முதல் பிஎம்பி தேர்வு 1984-இல் நடந்தது. இன்று அந்தத் தேர்வை எழுத வேண்டுமானால் பட்டதாரிகளுக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம் வேண்டும். டிப்ளமோ படித்தவர்களுக்கு 60 மாதம். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. தேர்வில் 180 கேள்விகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் படித்து வாங்கிய ஒன்றை, கவனக்குறைவால் இழப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒருமுறை தேறியவர் ஏன் மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். பிஎம்ஐயின் அடிப்படை வழிகாட்டி நூலான பிம்பாக், 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த அமைப்பையே விட்டுவிட்டு 12 கொள்கைகளை மையமாக வைத்தது. அதே 2021 ஜனவரியில் தேர்வும் மாறியது. ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் அஜைல், ஹைப்ரிட் முறைகளைச் சார்ந்தவை ஆயின. 2015-இல் தேறியவரும் 2022-இல் தேறியவரும் பெயருக்குப் பின்னால் ஒரே மூன்றெழுத்தைப் போட்டாலும், படித்தது ஒன்றல்ல. இடைவெளியை நிரப்புவது தொடர் கல்விதான். நம் நாட்டு மருத்துவர்களுக்கும் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. பட்டயக் கணக்காளர்களுக்கும் இதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். தொடர் கல்வியின் அலகுக்கு பிடியு என்று பெயர். ஒரு மணி நேரம் கற்றால் ஒரு பிடியு. கால் மணி நேரத்துக்கு 0.25. பிஎம்பி வைத்திருப்பவர் மூன்று ஆண்டுக்குள் 60 பிடியு சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 20 மணி நேரம் என்றால், மாதத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

சிக்கல் மொத்த எண்ணிக்கையில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. அறுபதில் குறைந்தது 35 கல்வியாக இருக்க வேண்டும். மீதி 25 வரை 'கிவிங் பேக்' என்ற பிரிவில் வரலாம். அதாவது, நாம் கற்றதைத் தொழிலுக்குத் திருப்பித் தருவதற்கான கணக்கு. இந்த 25 உச்ச வரம்பு மட்டுமே, கட்டாயம் அல்ல. விரும்பினால் அறுபதையும் கல்வியாகவே முடிக்கலாம். ஆனால் அறுபதையும் சேவையாகவே முடிக்க முடியாது.

கல்விப் பகுதிக்குள் இன்னொரு பிரிவினை உண்டு. பிஎம்ஐ இதை டேலண்ட் ட்ரையாங்கிள் என்று அழைக்கிறது. முக்கோணத்தின் ஒரு மூலை 'வேஸ் ஆஃப் ஒர்க்கிங்': அட்டவணை போடுவது, ரிஸ்க் கணக்கிடுவது, ஸ்க்ரம், கான்பான் போன்ற வேலை முறைகள். இரண்டாவது 'பவர் ஸ்கில்ஸ்': குழுவை நடத்துவது, பேச்சுவார்த்தை, பிணக்குத் தீர்ப்பது. மூன்றாவது 'பிசினஸ் அக்யூமன்': நிறுவனத்தின் நிதி, ஒப்பந்தம், சட்டம், சந்தை பற்றிய அறிவு. 2022 வரை இவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு மூலையிலும் குறைந்தது 8 பிடியு வேண்டும். மூன்று எட்டு 24 போக, மிச்சமுள்ள 11 எந்த மூலையில் வந்தாலும் சரி.

பெரும்பாலானோர் வழுக்குவது மூன்றாவது மூலையில்தான். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு அஜைல் பயிற்சிகள் தேடாமலே கிடைக்கும். முதல் மூலையில் நாற்பது சேர்ந்துவிடும். மூன்றாவது மூலையில் இரண்டோ மூன்றோ இருக்கும். மொத்தம் அறுபதைத் தாண்டியிருந்தும் புதுப்பிக்க முடியாமல் நிற்பார்கள். வணிக அறிவு என்றதும் எம்பிஏ வகுப்பு என்று நினைத்துக்கொள்வதுதான் காரணம். தன் வேலையைத் தொடும் சட்டத்தைப் படிப்பதும் இந்த மூலையில்தான் சேரும். வாடிக்கையாளர் தகவல்களைக் கையாளும் மென்பொருள் திட்ட மேலாளர் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்தால் அது கணக்கில் வரும். கட்டுமானத் துறையில் இருப்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பற்றிய பயிற்சி அப்படியே பொருந்தும். இவை எப்படியும் தெரிந்துகொள்ள வேண்டியவை. தெரியாமல் போட்ட அட்டவணைதான் பிறகு ஒப்புதல் வராமல் மாதக்கணக்கில் இழுக்கிறது.

எங்கே சேர்ப்பது? பணம் கட்டிச் சேரும் வகுப்புகள்தான் ஒரே வழி என்று நம்புவோர் ஏராளம். பிஎம்ஐ உறுப்பினராக இருந்தால் அதன் ப்ராஜெக்ட்மேனேஜ்மென்ட் டாட் காம் தளத்தில் நூற்றுக்கணக்கான வெபினார்களை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பார்த்து முடித்தவற்றுக்கான பிடியு தானாகவே உங்கள் கணக்குக்குப் போய்விடும். பிஎம்ஐக்குச் சென்னையில் கிளை உண்டு, கொழும்பிலும் உண்டு. கிளைக் கூட்டங்களில் கலந்துகொண்டால் பிடியு கிடைப்பது ஒருபுறம் இருக்க, வேறு நிறுவனத்துத் திட்ட மேலாளர் ஒருவர் தன் திட்டம் எங்கே தடம் புரண்டது என்று மனம் திறந்து பேசுவதைக் கேட்கலாம். எந்த வீடியோவிலும் கிடைக்காத பாடம் அது. நேரில் போக முடிந்தவர்கள் போகவே வேண்டும் என்பேன்.

புத்தகம் படித்தாலும் பிடியு உண்டு. மூத்த சக ஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு குறிப்பிட்ட விஷயத்தைக் கற்றுக்கொண்டாலும் உண்டு. அலுவலகமே நடத்தும் பயிற்சிகளும் திட்ட மேலாண்மையோடு தொடர்புடையவை என்றால் சேரும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு, வெளி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுவது பற்றி இரண்டு மணி நேர வகுப்பு நடத்தியது என்று வைத்துக்கொள்வோம். பிடியுவைப் பதிவு செய்யும் பிஎம்ஐயின் சிசிஆர்எஸ் தளத்தில் உள்நுழைந்து, கல்விப் பிரிவில் பயிற்சி என்பதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நடத்தியவர் யார், தலைப்பு என்ன, எந்தத் தேதி என்று கேட்கும். என்ன கற்றீர்கள் என்று இரண்டு வரி எழுத வேண்டும். பிறகு இரண்டு மணி நேரத்தை மூன்று மூலைகளுக்கும் பிரிக்க வேண்டும். வகுப்பில் ஒன்றரை மணி நேரம் ஒப்பந்த வகைகளும் அபராத ஷரத்துகளும் பேசப்பட்டன, கடைசி அரை மணி நேரம் பேரம் பேசும் பயிற்சி என்றால், பிசினஸ் அக்யூமனில் 1.5, பவர் ஸ்கில்ஸில் 0.5. சமர்ப்பித்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் வகுப்பு முடிந்த வாரத்திலேயே செய்தால்தான் ஐந்து நிமிடம். இரண்டு ஆண்டு கழித்துச் செய்தால் தேதி தேடவே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கிவிங் பேக் பிரிவில் முதலில் எடுக்க வேண்டியது, திட்ட மேலாளராக வேலை பார்ப்பதற்கே கிடைக்கும் பிடியு. ஒரு மூன்றாண்டுச் சுழற்சிக்கு அதிகபட்சம் 8. தினமும் பார்க்கும் வேலைக்கே கிடைப்பதைப் பதிவு செய்யாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது வியப்புதான். கல்லூரியில் போய்ப் பேசுவது, கட்டுரை எழுதுவது, இளையவர்களுக்கு வழிகாட்டுவது, கிளையில் தன்னார்வலராக வேலை செய்வது எல்லாம் மீதியில் வரும்.

பிஎம்ஐயின் வேறு சான்றிதழ்களும் வைத்திருந்தால் இரட்டைச் சுமை என்று பயப்பட வேண்டாம். அஜைல் சான்றிதழான பிஎம்ஐ-ஏசிபிக்கு மூன்று ஆண்டில் 30 பிடியு தேவை. தலைப்பு இரண்டுக்கும் பொருந்தினால் ஒரே மணி நேரம் இரண்டிலும் சேரும். தொடக்கநிலைச் சான்றிதழான கேப்பெம்முக்கு 15. ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் சிஎஸ்எம் வேறு அமைப்பைச் சேர்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டில் 20 அலகுகள் என்று தனிக் கணக்கு.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடியு சேர்த்தால் மட்டும் போதாது, புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். பல ஆண்டுகளாக இது உறுப்பினர்களுக்கு 60 டாலர், மற்றவர்களுக்கு 150 டாலர். அறுபதையும் நிரப்பிவிட்டுக் கட்டணம் கட்ட மறந்தாலும் சான்றிதழ் புதுப்பிக்கப்படாது. இதற்கு மேல், '60 பிடியு ஒரே தொகுப்பில்' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டுமா? பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அடுத்த திட்டத்துக்கு உண்மையிலேயே வேண்டிய ஒரு திறமையைக் கற்றுத்தரும் நல்ல வகுப்பு என்றால் தாராளமாகச் செலவழியுங்கள். எண்ணிக்கையை மட்டும் வாங்குவது வீண் செலவு.

பிடியு பதிவு பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் நடக்கிறது. நாமே எழுதுகிறோம், பிஎம்ஐ ஏற்றுக்கொள்கிறது. இடையிடையே சிலரைத் தணிக்கைக்குத் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்பார்கள். சான்றிதழ், பதிவுக் கடிதம், படித்த புத்தகத்தின் குறிப்புகள் ஆகியவற்றைச் சுழற்சி முடிந்த பிறகும் 18 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்ட வெபினாரையும் கணக்கில் எழுத முடியும்தான். தணிக்கையிலும் பிடிபடாமல் போகலாம். ஆனால் ஒரு திட்டத்தின் உண்மை நிலையை மேலிடத்துக்குச் சொல்வதுதான் திட்ட மேலாளரின் முதல் கடமை. அவர் தன் சொந்த நேரக் கணக்கில் பொய் எழுதுவதை என்னால் சின்ன விஷயமாகப் பார்க்க முடியவில்லை.

தேதி தவறினால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில் தேறியவர் 2026 மார்ச்சுக்குள் முடிக்கவில்லை என்றால், சான்றிதழ் ஓராண்டுக்கு இடைநிறுத்தம் செய்யப்படும். அந்த ஓராண்டில் பெயருக்குப் பின்னால் பிஎம்பி என்று போடக் கூடாது. ரெஸ்யூமேயிலும் கூடாது, மின்னஞ்சல் கையொப்பத்திலும் கூடாது. டெண்டர்களில் திட்ட மேலாளருக்குப் பிஎம்பி வேண்டும் என்று கேட்பது உண்டு. இடைநிறுத்தத்தில் இருப்பவரின் பெயரை அங்கே கொடுக்க முடியாது. அந்த ஓராண்டுக்குள் குறையை நிரப்பிக் கட்டணம் கட்டினால் சான்றிதழ் மீளும். ஆனால் அடுத்த சுழற்சியின் முடிவு 2029 மார்ச்தான், அது தள்ளிப்போகாது. ஓராண்டு முழுவதும் இழுத்துவிட்டால், 60 பிடியுவைச் சேர்க்க மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டே ஆண்டுதான் மிஞ்சும். 2027 மார்ச்சையும் தவறவிட்டால் விண்ணப்பம், தேர்வு என்று எல்லாம் முதலிலிருந்து.

அதிகமாகச் சேர்த்தவர்களுக்கும் ஒரு விதி உண்டு. தேவைக்கு மேல் இருப்பதில் 20 வரை அடுத்த சுழற்சிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அது மூன்றாம் ஆண்டில் சேர்த்ததாக இருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே எண்பது சேர்த்துவைத்தவருக்கு மிச்சம் எதுவும் கைக்கு வராது. தேர்வுக்கு முன் முடித்த 35 மணி நேரப் பயிற்சியும் கணக்கில் வராது. தேறிய நாளுக்குப் பிறகு கற்றதுதான் சேரும். பணி ஓய்வு பெறுபவர்களுக்கோ, தொடர்ந்து 10 ஆண்டு சான்றிதழைக் காத்திருந்தால், பிடியு தேவைப்படாத ஓய்வு நிலைக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது.

காலாவதிக்கு மூன்று மாதமே இருக்கிறது, கணக்கு காலி என்பவர்கள் முதலில் வீடியோவைத் தேட வேண்டாம். சிசிஆர்எஸ் தளத்தில் எந்த மூலையில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வேலைக்கான 8 பிடியுவை அன்றே பதிவு செய்யுங்கள். பிறகு அலுவலக மின்னஞ்சலில் மூன்று ஆண்டுப் பயிற்சி அழைப்புகளைத் தேடுங்கள். இந்தச் சுழற்சிக்குள் நடந்தவை என்றால் இப்போதும் பதிவு செய்யலாம். படித்த புத்தகங்கள், கிளைக் கூட்டங்கள், கல்லூரியில் பேசியது எல்லாம் அடுத்து. இவ்வளவும் போக எந்த மூலையில் குறைகிறதோ, அந்த மூலைக்கான வெபினார்களை மட்டும் வாரத்துக்கு இரண்டாகப் பாருங்கள். அறுபது நிறைந்த அன்றே கட்டணத்தையும் கட்டிவிடுங்கள்.