கடன் கொப்பியில் கரையும் முதல்

ஹட்டன், நுவரெலியா கடைவீதிகளில் கடன் கொப்பி இல்லாத பலசரக்குக் கடையை நான் கண்டது குறைவு. தோட்டத்துச் சம்பளம் மாதம் ஒருமுறை. அரிசியும் மாவும் தினமும் வேண்டும். இடையில் நிற்பது நமது முதல்தான்.

விலை நிலையாக இருந்தால் இதில் பெரிய பாதகமில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே நின்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 ரூபாவுக்கு வாங்கிய சரக்கை 11,000க்குக் கடன் கொடுக்கிறீர்கள். மாத முடிவில் பணம் முழுதாக வந்துவிடுகிறது. ஆனால் அதே சரக்கு இப்போது மொத்தக் கடையில் 12,000. கொப்பியில் இலாபம் 1,000. இறாக்கையை நிரப்பவோ இன்னும் 1,000 தேவை.

ஆகவே அப்படியான காலத்தில் மறுபடி வாங்கும் விலையைப் பார்த்தே விற்பனை விலை வையுங்கள். கடனை அடியோடு நிறுத்த வேண்டாம். அந்தக் குடும்பங்கள்தாம் நமது நிரந்தர வாடிக்கையாளர்கள். அரிசி, மாவு, பருப்புக்கு ஓர் எல்லையோடு கடன், மற்றவைக்குக் கைக்காசு. சம்பள நாளில் வரும் பணத்தைத் தாமதியாமல் சரக்காக்குங்கள். பதுக்கல் வேறு, அடுத்த மாதத் தேவைக்கு வாங்கி வைப்பது வேறு.